அண்ணாச்சி எடுத்த பஸ் டிக்கெட்

அண்ணாச்சி முதன்முதலில் வாங்கச் சொன்னது செருப்பு.

தூத்துக்குடியில் மாவட்ட மருத்துவ நிதி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அன்று காலை அங்கே எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழை எளியவர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று அரசாங்கம் கொடுத்த பணத்தில் ரப்பர் செருப்பு. அதுவும் லாரிக் கணக்கில். அலுவலகத்துக்குத் தலைவியான சந்தனமாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தாள். செருப்பேதான். அடி கெட்டியாக, பின்னால் வார் வைத்ததாக, இன்னின்ன ஊர்களில் உள்ள சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வீடு தேடிப் போய்க் கொடுக்க வேண்டியது.

அண்ணாச்சி என்பது ஆள் இல்லை, ஒரு புரோகிராம். மாவட்டத்துக்கு ஒன்றாக அரசாங்கம் அனுப்பி வைத்தது. அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அது யார் வாயிலும் நுழையவில்லை. பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்து, கெஞ்சினாலும் கொசுறு தராத அதன் சுபாவத்தைப் பார்த்துவிட்டு சூப்பிரண்டு வில்பிரட்தான் ஒரு நாள், பலசரக்குக் கடைக்காரரைச் சொல்வதுபோல, "அண்ணாச்சிகிட்ட கேளுங்க மேடம்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவும் ஆட்சேபணை சொல்லவில்லை.

வந்த நோயைப் பார்க்க ஊரில் டாக்டர்கள் இருந்தார்கள். அண்ணாச்சி பார்த்தது இன்னும் வராத நோயை. சாக்கடைகளில் மிதக்கவிட்ட சின்னச் சின்னக் கருவிகள், மருந்துக்கடை விற்பனை, ரேஷன் கடை விற்பனை, வெயில் அளவு, தண்ணீர் ருசி என்று எங்கெங்கிருந்தோ துணுக்குத் துணுக்காகச் சேர்த்து, இந்தத் தெருவில், இந்த வேலை செய்கிறவர்களுக்கு, இன்னும் சில வருஷத்தில் இன்னது வரும் என்று சொல்லிவிடும். வந்தால் ஆகும் செலவு என்ன, வராமல் பண்ண ஆகும் செலவு என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். இரண்டாவது குறைவாக இருந்தால் வாங்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

செருப்புக்குத் தணிக்கைக்காரர்கள் வந்து குதித்தார்கள். அண்ணாச்சி பொறுமையாகப் பதில் சொன்னது. சர்க்கரை உள்ளவர் காலில் முள் குத்தினால் தெரியாது, புண் ஆறாது, கடைசியில் காலை எடுக்கிற நிலைமை வரும், ஒரு கால் எடுக்கிற செலவில் ஒரு ஊருக்கே செருப்பு வாங்கலாம் என்றது. அவர்கள் நம்பாமல் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து, மாவட்டத்தில் கால் எடுக்கிற ஆபரேஷன் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. தணிக்கைக்காரர்கள் திரும்பி வரவில்லை.

அதற்குள் அண்ணாச்சி ஒரு அரிசி மில்லின் புகைபோக்கியை உயர்த்தியிருந்தது. ஒரு பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போட்டிருந்தது. மீன் ஏலம் போடுகிற இடத்தில் பெண்களுக்குக் கையுறை வாங்கியிருந்தது. சந்தனமாரிக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புருஷனிடமும், போனில் தம்பியிடமும், இன்றைக்கு அண்ணாச்சி என்ன வாங்கிச்சு தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு தடவை கலெக்டர் அலுவலகத்திலிருந்து, திட்டத்தால் பயனடைந்த ஒருவரின் புகைப்படம் வேண்டும், ஆண்டு விழா மலரில் போட வேண்டும் என்று கேட்டார்கள். சந்தனமாரி அண்ணாச்சியிடம் ஒரு பெயர் கேட்டாள்.

"பெயர் கிடையாது, மேடம். இத்தனை பேருக்குக் கால் போயிருக்கும், போகவில்லை. அவர்களில் யாருக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது."

"அப்ப படத்துக்கு என்ன பண்ண?"

"ஊரில் நடந்து போகிறவர் யாரையாவது எடுங்கள். அவராகவும் இருக்கலாம்."

கடைசியில் செருப்பைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

இந்த ஏற்பாட்டால் வாடிப்போனவர் டாக்டர் தர்மகுலசிங் ஒருவர்தான். ஊரில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி அவருடையது. கெட்ட மனிதர் இல்லை, கைராசிக்காரர் என்றும் பேர். கிட்னி போனவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கிற டயாலிசிஸ் பிரிவுக்கென்று அவர் புதிதாக மூன்று மாடி கட்டியிருந்தார். அரசாங்க நிதியை நம்பித்தான் கட்டினார். நிதியில் பாதி அண்ணாச்சி கைக்குப் போனபின், செருப்பும் சாக்கடை மூடியும் வாங்கப் பணம் போகிறது, தன் கட்டடம் காற்று வாங்குகிறது என்று மாதம் ஒரு தடவை சந்தனமாரியின் அறையில் வந்து உட்கார்ந்து புலம்புவார்.

"நோயாளி வரலைன்னா சந்தோஷந்தானே, டாக்டர்?" என்பாள் அவள்.

"சந்தோஷந்தான், மேடம். பேங்க்காரனுக்கு அது புரியலையே."

இருவரும் சிரித்துவிட்டு டீ குடிப்பார்கள். அந்தக் காலம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

சந்தனமாரியின் தம்பி கொம்பையாவுக்கு எட்டயபுரத்தில் மைக் செட் கடை. அம்மன் கோயில் கொடை விழா, சர்ச் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் கொம்பையாவின் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். அப்பாவும் அம்மாவும் போனபின் பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான். போனில்கூட மைக்கில் பேசுவதுபோல உரக்கப் பேசுவான். அவனுடைய குரல் கம்மிப்போய், "யக்கா, கண்ணு மஞ்சளா இருக்குன்னு ஆவுடை சொல்லுதா" என்று ஒரு நாள் சொன்னபோது அவள் மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஆவுடையைச் சத்தம் போட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு தர்மகுலசிங்கின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஈரல் பெரும்பகுதி கெட்டுப்போயிருந்தது. குடியால் வந்ததில்லை என்றார் டாக்டர். ஒரு கிருமி, வருஷக்கணக்காக உள்ளேயே இருந்து சத்தமில்லாமல் தின்றிருக்கிறது. மாற்று ஈரல் வைத்தால் பிழைப்பான். ஆவுடையின் ரத்தம் பொருந்துகிறது, அவள் ஈரலிலிருந்து ஒரு பகுதி எடுத்து வைக்கலாம். ஆவுடை யோசிக்கவே இல்லை. இன்றைக்கே எடுங்க என்றாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வார்கள், ஆனால் அங்கே வரிசை நீளம். கொம்பையாவுக்கு அவ்வளவு நாள் கிடையாது. இங்கே செய்வதென்றால் அக்காவும் தம்பியும் வீட்டை விற்றாலும் கட்டாது. மாவட்ட நிதியிலிருந்துதான் வர வேண்டும்.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "சென்னையிலிருந்து டீம் வரச் சொல்லிர்றேன். உங்க கையெழுத்து ஒண்ணு போதும், மேடம்" என்றார். அவர் குரலில் அன்று வியாபாரம் இல்லை.

சிகிச்சைக்கென்று இருந்த மீதிப் பாதி அந்த வருஷம் தீர்ந்திருந்ததால் விண்ணப்பம் அண்ணாச்சியிடம் போனது. அது நிராகரித்தது.

சந்தனமாரி அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இது என் தம்பி, அண்ணாச்சி."

"தெரியும், மேடம். அதனால் கணக்கை மறுபடியும் இரண்டு தடவை பார்த்தேன்."

"அப்புறமும் இல்லைங்கிறியா?"

"அதே பணத்தில் சிப்பிமேடு உப்பளத்தில் கழிப்பறைகளும் குடிதண்ணீரும் நிழற்கூரையும் வாங்க இருக்கிறேன். அங்கே வேலை செய்யும் பெண்களில் பத்துப் பதினைந்து பேருக்குச் சிறுநீரகம் கெடாமல் இருக்கும். இந்தப் பக்கம் ஒருவர். அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர்."

கழிப்பறைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வேறொரு நாளாயிருந்தால் கேட்டிருப்பாள். அன்று கேட்கத் தோன்றவில்லை.

"அந்தப் பெண்கள் யார் யாரு? பேரு சொல்லு."

"தெரியாது, மேடம்."

"என் தம்பி பேரு எனக்குத் தெரியும்."

அண்ணாச்சி சொன்னது: "என் முடிவை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. காரணம் எழுத வேண்டியதில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டால் பணம் போய்விடும். சிப்பிமேடு பின்னால் தள்ளிப்போகும்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொம்பையா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, ஆள் பாதியாய் இருந்தான். ஆனாலும் பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவில் பாட்டு கரகரக்கிறது என்று அதைக் கழற்றிச் சரிபண்ணிக் கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "அண்ணாச்சி என்ன சொல்லுது?" என்று கேட்டான். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதவள். அவன் சிரித்தான்.

"வேண்டாம்னுட்டுதா? சரியாத்தான் சொல்லும்க்கா. அது கணக்குல கெட்டி."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே டாக்டர் சொன்னதைச் சொன்னான். சின்ன வயதில் எங்கோ போட்ட ஊசியில் இருந்து வந்திருக்கும் என்றாராம். அவர்கள் ஊரில் கம்பவுண்டர் ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி முக்கி எல்லாருக்கும் போடுவார். அந்தக் கிருமி வராமல் தடுக்க அப்போதே தடுப்பூசி இருந்ததாம். காசு உள்ளவர்கள் டவுனுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டார்களாம்.

"நம்ம ஊருக்கெல்லாம் அப்ப அது வரலை பாரு. அண்ணாச்சி மாதிரி ஒண்ணு அப்ப இருந்திருந்தா எனக்கும் போட்டிருக்கும்" என்றான். பிறகு ரேடியோவைக் காதருகில் வைத்துக் கேட்டபடி, யார் மேலும் வருத்தமில்லாத குரலில், "அந்தக் காசு வேற எதுக்கோ போயிருக்கும். எவனோ ஒருத்தன் வேற எதுக்கோ கையெழுத்துப் போட்டிருப்பான்க்கா" என்றான்.

பாட்டு இப்போது சுத்தமாகக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் கை கூப்பினார்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் சந்தனமாரி திரையில் விரல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தம்பி சொன்னது மனசில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது யாரோ ஒருவன், என்றோ ஒரு நாள். இவன் கொம்பையா. கண்ணால் பார்க்கிற ஒரு உயிரையும் கண்ணால் பார்க்காத பல உயிர்களையும் தராசில் வைக்க அவளால் முடியவில்லை. முடியும் என்று நினைக்கிறவர்களை அவள் நம்பவும் இல்லை.

அண்ணாச்சி, "சரி, மேடம்" என்றது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. சென்னை டாக்டர்கள் வந்து, தர்மகுலசிங்கும் கூட நின்று, ஆவுடையையும் கொம்பையாவையும் அடுத்தடுத்த அறையில் படுக்க வைத்துச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் அவனைப் பார்த்து, "இனி என்னை எதுத்துப் பேசினா கொடுத்ததத் திருப்பிக் கேப்பேன்" என்றாளாம். நர்ஸுகள் இதை மாடி மாடியாகச் சொல்லிச் சிரித்தார்கள். தர்மகுலசிங் அலுவலகம் முழுவதற்கும் மக்ரூன் வாங்கி அனுப்பினார். ஆடி மாசக் கொடைக்கு கொம்பையா மறுபடியும் குழாய் கட்டினான். கம்பத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மைக்கில் "யக்கா வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். சந்தனமாரி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். சந்தோஷமாகவும் இருந்தது. சிப்பிமேடு என்ற பெயரே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நினைக்க வேண்டிய வேளைகளில் எல்லாம் வேறு ஏதாவது வேலை வந்துவிடும்.

கொடை முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பிய அன்று, அண்ணாச்சியின் அன்றைய கொள்முதல் திரையில் வந்திருந்தது. வழக்கமாகச் சாக்கடைக் குழாயோ கொசுவலையோ இருக்கும். அன்று ஒரே ஒரு பொருள். தூத்துக்குடியிலிருந்து சிப்பிமேட்டுக்குப் போய்வர ஒரு டவுன் பஸ் டிக்கெட். பயணி, சந்தனமாரி.

அவள் திரும்பவும் கதவைச் சாத்தினாள்.

"இது என்ன?"

"தடுப்புச் செலவு, மேடம்."

"என்ன நோயைத் தடுக்க?"

"நோய் இல்லை, நோய்க்குக் காரணம். கையெழுத்து."

அவளுக்கு முகம் சூடேறியது. "கையெழுத்தைக் காரணத்துல சேர்த்திருக்கியா?"

"கொசு, புகை, கெட்ட தண்ணீர் எல்லாம் இருக்கிற வரிசையில்தான் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் மட்டும் இல்லை, எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அதிகாரிகளுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். உறவினர்களுக்குப் பெயர் இருக்கிறது."

"என்மேல கோவமா உனக்கு?"

"கொசு மேல் எனக்குக் கோபம் இல்லை, மேடம்." அது சொன்ன விதத்தில் குத்தல் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் குத்தியது. "உங்கள் தம்பி பிழைத்ததையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். அது சின்ன விஷயம் இல்லை."

"நான் அங்க போய்ட்டு வந்தா என்ன ஆயிரும்?"

"தெரியாது. டிக்கெட் விலை மிகக் குறைவு. பலன் கொஞ்சம் இருந்தாலும் லாபம்தான்."

அலுவலகக் கார் இருக்கிறதே என்று கேட்கலாமென்று வாயெடுத்தாள். கேட்கவில்லை.

மறுநாள் காலை பஸ் அவளைச் சிப்பிமேட்டுக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறக்கிவிட்டுப் போனது. இறங்கியதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீர் தேங்கி நிற்க, வரப்பில் உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. அதன்மேல் வெயில் அடித்து எகிறி முகத்தில் விழுந்தது. முகத்தைத் துணியால் சுற்றிக் கட்டி, காலில் பழைய சாக்ஸ் மாட்டிய பெண்கள், தலையில் உப்புச் சட்டியோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மரம் இல்லை. குடிசை மாதிரி ஒன்று இருந்தது, அது பம்பு செட்டுக்கு.

கூட்டத்தில் முன்னால் நடந்தவள் சட்டியை இறக்கிவிட்டு வந்தாள். பெயர் சண்முகக்கனி என்றாள். சந்தனமாரி வயசுதான் இருக்கும். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி டிபார்ட்மெண்ட் என்று இவள் சொன்னதும், சும்மா பார்க்க வந்தேன் என்று சேர்த்துச் சொன்னதும், அவள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சும்மா பார்க்க ஒருத்தரும் இங்கே வந்ததில்லை என்றாள். ஆனாலும் வந்தவளை நிற்க வைக்கக்கூடாது என்று பம்பு செட்டின் நிழலில் ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள்.

வேலைக்கு இடைவெளி விட்டபோது மற்றவர்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். முகத்துணியை அவிழ்த்ததும் ஒவ்வொன்றும் ஒரு முகமாயிற்று. தாயும் மகளுமாக இரண்டு பேர் இருந்தார்கள். புதுத்தாலி மஞ்சள் மாறாத ஒருத்தி இருந்தாள். பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்கிற ஒருத்தி, இவளை டிவியில் பார்த்திருக்கிறேன் என்று சாதித்தாள். கேலியும் சிரிப்புமாக இருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் நோய் இல்லை. சந்தனமாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவளா, அவளா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. புதுத்தாலிக்காரியிடம் வந்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். வெயிலுக்கு அமிர்தமாக இருந்தது, இரண்டு செம்பு குடித்தாள். பிறகு பிளாஸ்க்கிலிருந்து கருப்பட்டிக் காப்பி வந்தது. அதையும் குடித்தாள். நீங்க குடிக்கலையா என்று கேட்டதற்கு, வாயை நனைத்துக்கொண்டோம், போதும் என்றார்கள். விருந்தாளிக்காக மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சண்முகக்கனி இன்னொரு செம்பு நீட்டியபோதும், வேண்டாமென்றால் வருத்தப்படுவார்களே என்று வாங்கிக் குடித்தாள்.

அவர்கள் எழுந்து மறுபடியும் உப்பு சுமக்கப் போனார்கள். வெயில் ஏறியது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அடிவயிறு முட்டியது. சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு உடைமரம் நின்றது. அதன் அடியில் லாரியை நிறுத்தி ஆண்கள் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தாள். முடியாமல் போனபோது, சட்டியோடு வந்த சண்முகக்கனியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

சண்முகக்கனி சட்டியை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, தெரிந்த ஒன்றில் புதிதாய் வந்து மாட்டிக்கொண்டவளைப் பார்த்த சிரிப்பு.

"அதுக்குத்தாம்மா நாங்க குடிக்கிறதில்ல. விடியுமுன்ன இருட்டோட போறது, பொறவு வீட்டுக்குப் போய்த்தான். நீங்க குடிக்கும்போதே சொல்லலாம்னு நெனச்சேன். வந்தவுகளுக்குத் தண்ணி குடிக்காதியன்னு எப்படிச் சொல்ல?"

கழிப்பறைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணாச்சியிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு, சந்தனமாரியின் உடம்பே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சண்முகக்கனி பேசிக்கொண்டே போனாள். வருஷ ஆரம்பத்தில் யாரோ வந்து கழிப்பறை கட்டப்போகிறோம் என்று அளந்தார்களாம். வரப்புக்குப் பக்கத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடுகூடப் போட்டார்களாம். அதற்கு எந்தப் பக்கம் வாசல் வைக்க வேண்டும் என்று இவர்களுக்குள் ஒரு வாரம் சண்டை. அப்புறம் ஆளையே காணோம். மழை பெய்து கோடும் போய்விட்டது. "அது என்ன ஆச்சுன்னு ஒங்களுக்கு ஏதும் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். அதற்குள் மற்றவர்களும் வந்து நின்றுவிட்டார்கள்.

தெரியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். சந்தனமாரிக்கு வாய் வரவில்லை.

"என் தம்பிக்கு ஈரல் கெட்டுப்போச்சு" என்றாள். "மாத்து ஈரல் வைக்கணும்னாங்க. அந்தப் பணத்தை நான்தான் அதுக்கு மாத்திவிட்டேன்."

சொல்லிவிட்டு, என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றாள். லாரியில் மூட்டை விழும் சத்தம் மட்டும் கேட்டது. வாயை மறைத்துக்கொள்கிறவள் கையை எடுக்காமல் நின்றாள். புதுத்தாலிக்காரி சண்முகக்கனியைப் பார்த்தாள்.

சண்முகக்கனி முகத்துணியை அவிழ்த்து வியர்வையைத் துடைத்தாள்.

"தம்பி இப்ப நல்லா இருக்காவளா?" என்று கேட்டாள்.

சந்தனமாரி தலையை ஆட்டினாள்.

"பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு."

"அப்ப சரி" என்றாள் சண்முகக்கனி. துணியை மறுபடியும் முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கட்டியபின் அவள் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று சந்தனமாரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒவ்வொருத்தியாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் மகளும் ஒருவருக்கொருவர் சும்மாடு சரிபண்ணிவிட்டார்கள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சண்முகக்கனி மட்டும் விலக்கு வரைக்கும் கூட வந்தாள். ஏறும்போது ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் திணித்தாள். வழியெல்லாம் வெயில், குடித்துக்கொண்டே போங்கள் என்றாள்.

பஸ் குலுங்கியது. ஒவ்வொரு குழியும் அவள் அடிவயிற்றில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டாள். சிப்பிமேடு எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த வருஷ நிதியில் முதலில் அதுதான் என்றது. நடுவில் போகிற இந்த ஒரு வருஷத்துக்கு என்ன விலை என்று கேட்டாள். மூன்று பேர் என்றது. யார் என்று அவள் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை.

"நான் என்ன செய்யணும்? எங்க கையெழுத்துப் போடணும்?"

"எங்கேயும் வேண்டாம், மேடம்" என்றது அண்ணாச்சி. "போடாமல் இருந்தால் போதும்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். அடுத்த வருஷத்துக்குள் யாருக்கு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும். ஆவுடைக்கு வரலாம். தன் புருஷனுக்கு வரலாம். கொம்பையாவின் பிள்ளைகளில் ஒன்றுக்கு வரலாம். அன்றைக்கு இந்த விரல் என்ன செய்யும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அனல் காற்று ஜன்னலில் அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சண்முகக்கனி கொடுத்த பாட்டில் மடியில் குளிர்ச்சியாகக் கிடந்தது. மூடியில் கையை வைத்தாள். ஊர் வந்துசேர இன்னும் வெகுநேரம் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

கையை எடுத்துவிட்டாள்.